உப்பாத பைக்கட்டு

சின்னராசாவுக்கு வெட்கம் என்பது பிறந்ததிலிருந்தே கிடையாது. ஹட்டன் – கொழும்பு பஸ்ஸில் பதினோரு வருசம் கண்டக்டராக இருந்து, மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஒரு வீடே கட்டலாம்" என்று கத்தினவனுக்கு வெட்கம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, டொக்டர் நிரூபா தன் மேசை மேலிருந்த பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், மனுசன் சட்டென்று திரும்பிச் சுவரில் தொங்கிய 2004ம் வருசக் கலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

"சின்னராசா, இஞ்சால பாரும்," என்றார் குணபூசணி டீச்சர்.

"வெசாக் பண்டிகைக்கு இன்னும் எத்தன நாளுன்னு பாக்குறேங்க டீச்சர்."

"கலண்டரில ஒண்டும் களவு போகேல்ல. பெட்டியிலதான் போயிருக்கு."

டீச்சர் சொன்னால் திரும்பத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். பரீட்சையில் கொப்பி அடித்தவனை அவன் உட்கார்ந்திருக்கும் தோரணையை வைத்தே பிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, 'துப்பறியும் நிலையம்' என்று பலகை போட்டு, பஸ் வேலையை விட்ட சின்னராசாவையும் கூட வைத்துக்கொண்டார். டொக்டர் நிரூபா அவரிடம் படித்த பிள்ளை. இப்போது ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை டொக்டர்.

பெட்டிக்குள் நாலு பள்ளம். மூன்றில் மூன்று செயற்கை மார்பகங்கள். நாலாவது காலி.

"புற்றுநோயால மார்பை எடுத்த பெண்களுக்கு உள்ளுக்க வைச்சுத் தைக்கிறது," என்றார் நிரூபா. "இது உப்புத்தண்ணி நிரப்பினது. கசிஞ்சாலும் பயமில்லை, தண்ணியை உடம்பு உறிஞ்சிப்போடும். ஆனா தோல் மெல்லிசா இருக்கிற ஆக்களுக்கு வெளியில சுருக்கம் தெரியும். இது சிலிக்கோன் ஜெல். தொட்டா உண்மையானது மாதிரி. ஆனா கசிஞ்சா லேசில தெரிய வராது. இது ரெண்டும் உருண்டை. மூண்டாவது கண்ணீர்த்துளி வடிவம், மேல மெலிவு, கீழ பருமன். சுழண்டு போகாம இருக்க வெளித்தோலைச் சொரசொரப்பாச் செய்திருக்கு."

"சுழண்டா என்னங்க ஆகும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான் சின்னராசா.

"தலைகீழா நிக்கும்."

அவன் மறுபடியும் கலண்டருக்கே போனான்.

"நாலாவது நான் யோசிச்சுச் செய்தது டீச்சர்," என்றார் நிரூபா. "இதெல்லாம் பாரம். அதால ஜெல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத, உள்ளுக்கு வெறுமையான கண்ணாடி மணிகளைக் கலந்து, மூண்டில ஒரு பங்கு பாரத்தைக் குறைச்சன். கொழும்பில ஒரு வேலைத்தலத்தில சொல்லி ஒண்டரை வருசமாச் செய்வித்த முதல் மாதிரி அது. இண்டைக்கு ரெண்டு மணிக்கு வெளிநாட்டு டொக்டர்மார் மூண்டு பேர் பாக்க வருகினம். பிடிச்சா அவையளே செய்து தந்து, தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு இலவசமா ஒப்பரேஷனும் செய்வினம். முதல் பேர் நாகலெட்சுமி. லிந்துலையில கொழுந்து பறிக்கிறவ. ரெண்டு வருசத்துக்கு முந்தி வலப்பக்கத்தை எடுத்தது நான்தான். காட்ட ஒண்டும் இல்லாட்டி அவை நாளைக்குப் ப்ளேன் ஏறிப் போயிடுவினம். அவவின்ர ஒப்பரேஷனும் அதோட சரி."

காலையில் நிரூபா நாலாவது மார்பகம் மூடி வந்த பிளாஸ்டிக் பைக்கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி வெளியே எடுத்தால், அது கைக்குள்ளேயே நொறுங்கியிருக்கிறது. உள்ளே இருந்தது போலி. வெட்டின பைக்கட்டும், பாலும் பன்னீரும் கலந்த நிறத்தில் சில துண்டுகளும் ஒரு தட்டில் கிடந்தன. டீச்சர் கண்ணாடியை மாட்டுவதற்குள் சின்னராசா ஒரு துண்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டான்.

"ஐயோ, அதை ஏன் வாயில வைச்சீர்?"

"பதினோரு வருசம் பஸ் ஸ்டாண்டு கடையில சாப்பிட்ட வயிறுங்க இது, ஒன்னும் ஆகாது. கடல்பாசி டீச்சர், நோம்புக்குக் கிண்டுற ஜெல்லி! பால் கொஞ்சம், ரோஸ் எசன்ஸ் ஒரு சொட்டு. ஆனா சீனி போடல."

"சரி நிரூபா, உமக்கு ஆரில சந்தேகம்?" என்றார் டீச்சர்.

"இதுல என்னங்க சந்தேகம், அந்த றமணன்தான்," என்றான் சின்னராசா. றமணன் வெளிநாட்டு மார்பகங்களை இறக்குமதி செய்து விற்கும் கொழும்பு ஏஜென்ட். நிரூபாவின் யோசனையை விலைக்குத் தரச்சொல்லி இரண்டு தடவை வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனவன். புதன்கிழமை காலையிலும் கொழும்பிலிருந்து நேரே வந்து, பத்து நிமிசம் கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். "டையும் ஷூவும் போட்டுக்கிட்டு கடல்பாசி கிண்டியிருக்கான் பாருங்க படவா."

டீச்சர் வெற்றுப் பைக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"நிரூபா, இதை வெட்டேக்க புஸ் எண்டு காத்து வந்ததோ?"

"இல்லை டீச்சர்."

"கொழும்பில இருந்து உம்மட சாமான் வந்த அண்டைக்குப் பைக்கட்டு எப்பிடி இருந்தது?"

நிரூபா யோசித்தார். "நல்லா உப்பி, இப்ப வெடிக்கும் எண்ட மாதிரி இருந்தது. வெட்டினது தட்டையாத்தான் இருந்தது. எனக்கு அது அப்ப படேல்ல."

"அட!" என்று தொடையில் தட்டினான் சின்னராசா. "நம்ம பஸ்ஸுல கடலைப் பைக்கட்டு தொங்குமே, கீழ அவிசாவளையில சப்பையா இருக்கும். மலையேறி கினிகத்தேன தாண்டினா எல்லாம் முழுகாம இருக்கிற மாதிரி வயிறு தள்ளிக்கும்!"

"கீழ மூடின காத்து மேல வந்தா விரியும். எட்டாம் வகுப்புப் பாடம்," என்றார் டீச்சர். "போலியைக் கொழும்பில மூடிக் கொண்டு வந்திருந்தா இது உப்பியிருக்க வேணும். உப்பேல்ல. அப்ப இஞ்ச, மலையிலதான் மூடியிருக்கு. றமணனை விடும்."

சின்னராசாவுக்குப் பெரிய ஏமாற்றம். அந்த டைக்காரனை நாலு கேள்வி கேட்க அவன் ஆசையாக இருந்தான்.

டீச்சர் பைக்கட்டின் வாயை வெளிச்சத்தில் பிடித்தார். சூடு வைத்து ஒட்டிய இடத்தில் நெருக்கமாகச் சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் ஒரு கோடு மட்டும் விட்டுப்போயிருந்தது. ஒட்டுக்குள்ளே கறுப்பாக ஏதோ இரண்டு துகள் மாட்டியிருந்தது.

"இது என்னெண்டு சொல்லும், பார்ப்பம்."

"தேயிலைத் தூளுங்க!" சின்னராசா மூக்கை வைத்தே சொல்லிவிட்டான். "தேயிலை பைக்கட்டு ஒட்டுற மெஷின்ல ஒட்டியிருக்கு. நம்ம பஜார்ல அந்த மெஷின் இருக்கிற கடை நாலு. அதுல வீட்டுல கடல்பாசி கிண்டுறவங்க ரெண்டு பேரு."

"நிரூபா, வெளி ஆக்கள் உம்மட அறைக்குள்ள வாறது புதன்கிழமை கிளினிக்குக்குத்தான். அந்த ரெண்டு கடையில இருந்து ஆர் வந்தது?"

நிரூபாவின் முகம் மாறியது. "ரபீக்கா," என்றார். "அவவுக்கும் ரெண்டு வருசத்துக்கு முந்தித்தான் ஒப்பரேஷன் செய்தனான். அண்டைக்கு அவசரமெண்டு வார்ட்டுக்குக் கூப்பிட்டவை. அஞ்சு நிமிசம் அறையில அவவை இருத்திப்போட்டுப் போனனான்."

ரபீக்கா கடையில் ஒன்பது மணிக்கே நல்ல வியாபாரம். கல்லாவுக்குப் பின்னால், தலையில் சால்வையை இழுத்துவிட்டபடி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் டொக்டரைக் கண்டதும் அந்தச் சிரிப்பு ஒரு நொடி நின்று, பிறகு ரெண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"வாங்க டொக்டர், வாங்க டீச்சர். என்ன, எல்லாரும் ஒன்டா வந்தீக்கிறீங்க?"

"நூறு கிராம் தூள்," என்றார் டீச்சர்.

ரபீக்கா நிறுத்தார், பையில் கொட்டினார், மெஷினில் வைத்து அழுத்தினார். டீச்சர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதே கோடுகள். நடுவில் அதே இடைவெளி.

"உங்கட மெஷினுக்கு ஒரு பல் இல்லைப் போல."

"ரெண்டு வருசமா இல்ல டீச்சர். எனக்கும் ஒரு பக்கம் இல்ல, மெஷினுக்கும் இல்ல. ரெண்டு பேரும் சமாளிச்சி வியாபாரம் செய்ற." ரபீக்கா கலகலவென்று சிரித்தார். என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பொம்பளைக்கு என்று சின்னராசா வாயைப் பிளந்தான். பிறகு, மனசில் பட்டதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியுமா?

"ராத்தா, கைப்பக்குவமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சீனிதான் போட மறந்துட்டீங்க."

"அது தின்றதுக்கா செஞ்ச?" என்றார் ரபீக்கா.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் மெதுவாகச் சிரித்தார். முப்பது வருசம் பிள்ளைகளைப் பார்த்தவர் அவர், ஆனால் இப்படி வெண்ணெயாக வழுக்கி விழுந்த ஆளைக் கண்டதில்லை.

"யா அல்லாஹ்! இந்த மனுசன்ட வாயால நான் கெட்டேன்," என்று தலையில் கை வைத்தார் ரபீக்கா. "களவு இல்ல டொக்டர், சத்தியமா இரவல். நானும் நாகலெச்சுமியும் வார்ட்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவ கேட்டா, நான் மாத்திக் கொடுத்தேன். இன்டக்கி நீங்க வாறதுக்கு முந்தி திருப்பி வெக்கத்தான் இருந்த. அவ கொண்டு வரல்ல. இன்னம் ஒரு நாள் வேணுமாம்."

"என்னத்துக்கு?" என்றார் நிரூபா.

"அத அவள்ட்ட கேளுங்க. நான் வாக்கு குடுத்தீக்கிறேன்."

நிரூபாவின் சின்னக் கார் தலவாக்கலை தாண்டி லிந்துலைக்கு ஏறியது. ரபீக்காவும் கடையைச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் ஏறியிருந்தார். வராதே என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை. நிரூபா இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவவுக்காகத்தானே டீச்சர் ஒண்டரை வருசம் அலைஞ்சனான். என்னட்டயே எடுத்திட்டா."

சின்னராசாவின் மனசு நாகலெட்சுமி பக்கம் சாய்ந்தது. பாவம், ரெண்டு வருசமாகப் பழைய சீலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு திரிகிறவள். அழகாக ஒன்றைக் கண்டதும் பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. இவளைப் பிடித்துக் கொடுக்கவா நாம் வந்தோம் என்று அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சித்திரைக் கொழுந்து மலை நிறைய வந்திருந்த நேரம். ரோட்டுக்கு மேலே பெண்கள் நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் அவள்தான். கயிறு நெற்றியில், கூடை முதுகில், இரண்டு கையும் செடி மேல் ஓடுகிறது. கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் ஒரு வீச்சு. கொழுந்து கூடைக்குள். மறுபடி கிள்ளல், மறுபடி வீச்சு. காரைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

அவள் தானாகவே கீழே இறங்கி வந்தாள். காருக்குப் பின்னால் போய், சட்டைக்குள் தைத்திருந்த துணிப் பையிலிருந்து அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, டொக்டரிடம் நீட்டினாள். சின்னராசா அதற்குள் முன் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தாங்க டொக்டரம்மா. மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு பகல் கொழுந்து நிறுவை வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் குடுத்துரலாம்னு இருந்தேன்."

"எதைப் பாத்திட்டு?" நிரூபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்த மாசம் உமக்கே வைக்கப்போறது. அதுக்கிடையில என்ன அவசரம்?"

"வச்சுத் தைச்சதுக்கு அப்புறம் பாத்து என்னாங்க பண்றது?" என்றாள் நாகலெட்சுமி. "அழகு பாக்க எடுக்கலீங்க. வேலைக்கு எடுத்தேன். மூணு நாளா இத வச்சுக்கிட்டுத்தான் மலை ஏறுறேன். பாரம் கொறைச்சிருக்கீங்க, அது நல்லாருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா விடிகாலையில பேர் குடுக்க பெரட்டுக்குப் போறப்ப ஐஸ்கட்டி வச்ச மாதிரி குளுருது."

"உள்ளுக்க வைச்சா உடம்புச் சூடு இருக்கும்," என்றார் நிரூபா. பிறகு, "தோல் மெல்லிசெண்டா குளிரத்தான் செய்யும்," என்று தானே சேர்த்துக்கொண்டார்.

"அது போகட்டுங்க, கம்பளிய சுத்திக்கலாம். இந்த ஓரம் பாருங்க. கைய பின்னால வீசுறப்ப அக்குள்ள இடிக்குது. ரெண்டு நாளுல தோலு செவந்து போச்சு. இந்தப் பக்கத்த கொஞ்சம் மெலிசாக்கணும். அதக்கூட விடுங்க." அவள் தன் இடது மார்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள். "நெஞ்சுச் சதைக்கு அடியில வச்சுத் தைப்பேன்னு சொன்னீங்கல்ல? நல்ல பக்கத்துல இப்படி கைய வச்சிக்கிட்டு கொழுந்த வீசிப் பாத்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தச் சதை இழுத்துத் துள்ளுதுங்க. அதுக்கடியில போய் இது சும்மா கெடக்குமா? ஒரு மாசத்துல வேற எங்கயாச்சும் போயிரும். என்னால கைய வீச முடியலன்னா எனக்கு மலையில என்னாங்க வேலை?"

நிரூபா சாமானைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கிளினிக்கில பத்துத் தடவை கையைத் தூக்கிப் பாக்கச் சொன்னனான்," என்றார் கடைசியில்.

"பத்தா!" ரபீக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகலெட்சுமிக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். "பத்து வீச்சுல கூடையோட அடிகூட மறையாதுங்களே."

"இதையெல்லாம் என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே? நீர் கொழுந்து பறிக்கிறனீர் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"தெரியும்ங்க," என்றாள் நாகலெட்சுமி தயங்கித் தயங்கி. "பாத்ததில்லீங்களே."

நிரூபாவுக்கு முகம் சிவந்துபோனது. அஞ்சு வருசமாகத் தினமும் இந்த மலைகளைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறவர். ஒரு நாள்கூடக் காரை நிறுத்தியதில்லை. டீச்சர் மாணவியை ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை. மணிக்கூட்டை மட்டும் காட்டினார்.

"பதினொண்டரை. ரெண்டு மணிக்கு அவைக்கு என்ன சொல்லப்போறீர்? சாமான் கிடைச்சிட்டுது. கழுவித் துடைச்சு வைச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

உண்மைதான். சின்னராசாவே அப்படித்தான் நினைத்தான்: பெட்டியில் வைத்துக் காட்டிவிட்டால் டொக்டருக்குப் பேர், அடுத்த மாசமே ஒப்பரேஷன். இதில் குற்றம் இருக்கிறதென்று தானே போய்ச் சொன்னால் எல்லாம் கெட்டுப்போகலாம். நிரூபா சாமானைக் கைப்பையில் போட்டார். விறுவிறுவென்று மேட்டில் ஏறிக் கங்காணியிடம் போனார்.

"நாகலெட்சுமிக்கு அரை நாள் லீவு தாங்கோ. கூடையும் வேணும்."

காரில் அஞ்சாவது ஆளுக்கே இடமில்லை, இதில் கூடை வேறு. சின்னராசா அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். முகத்துக்கு நேரே கூடை. ஹட்டன் வந்தது ரபீக்கா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

ரெண்டு மணிக்கு மூன்று டொக்டர்மாரும் வந்து உட்கார்ந்தார்கள். தலைவி நெட்டையான, நரைத்த தலை அம்மா. நிரூபா சாமானை மேசையில் வைத்து, முதல் வாக்கியமாகவே இங்கிலீசில் சொன்னார்: "இதில் நான் மூன்று பிழை விட்டிருக்கிறேன். கண்டுபிடித்தவர் இவர்."

வராந்தாவிலிருந்த குரோட்டன் சட்டியைச் சின்னராசா தூக்கி வந்து நடுவில் வைத்தான். நாகலெட்சுமி கயிற்றை நெற்றியில் மாட்டினாள். இரண்டு வீச்சுக்குப் பிறகு அவளுக்கு அது மலை, சட்டி அவளுக்குச் செடி. குரோட்டன் மொட்டையாகிக்கொண்டு வந்தது. ஒரு கையால் மார்பைத் தொட்டுக் காட்டிக் காட்டி அவள் சொல்ல, நிரூபா மொழிபெயர்த்தார்.

நரைத்த அம்மா எழுந்தார். தன் நெஞ்சில் ஒரு கையை வைத்து, மற்றக் கையைத் தோளுக்குப் பின்னால் வீசிப் பார்த்தார். இன்னொரு தடவை வீசினார். பக்கத்து டொக்டரிடம் ஏதோ சொன்னார். அடுத்த நிமிசம் மூன்று பேரும் நின்ற இடத்தில் இல்லாத கொழுந்தை இல்லாத கூடைக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர்கூட ஓரமாக நின்று ஒரு வீச்சு வீசிப் பார்த்ததைச் சின்னராசா கண்டான். சொன்னால் வேலை போய்விடும் என்று சும்மா இருந்துவிட்டான்.

அரை மணி நேரம் கசமுசவென்று பேசினார்கள். பிறகு நிரூபா நாகலெட்சுமி பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணி, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"செய்து தர ஒப்புக்கொண்டிட்டினம். ஆனா இப்பிடியே இல்லை. ஓரத்தை மெலிசாக்கி, சதைக்கு மேல வைக்கிற மாதிரித் திருத்தி வர நாலு மாசம் செல்லும். உமக்கு அவசரமெண்டால் அடுத்த மாசமே இப்ப இருக்கிற வகையில ஒண்டைச் சதைக்கு மேல வைச்சுத் தருவினம். பாரமா இருக்கும். நீர்தான் சொல்ல வேணும்."

"நாலு மாசம்னா ஆவணி," என்று விரல் விட்டாள் நாகலெட்சுமி. "மழை பேஞ்சு கொழுந்து கொறைஞ்ச நேரம், படுத்துக் கெடந்தாலும் நட்டமில்ல. ரெண்டு வருசம் பொறுத்தாச்சு. சரியானதே வரட்டுங்க."

சொல்லிவிட்டு மேசையிலிருந்த சாமானை உரிமையோடு எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். வெளியே வரும்போது மேசை காலி, சட்டை இரண்டு பக்கமும் நேராக இருந்தது.

"அது..." என்றார் நிரூபா.

"நீங்க திருத்தித் திருத்திக் கொண்டாறப்ப, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் யாருங்க பாத்துச் சொல்றது?" அவள் கூடையை முதுகில் போட்டாள். "அந்தி நிறுவைக்குள்ள போயிரணும். வாறேங்க."

"சரி, அப்ப புதன்கிழமை கிளினிக்குக்கு வாரும். முதல் நம்பர் எழுதி வைக்கிறன்."

நாகலெட்சுமி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைங்க டொக்டரம்மா," என்றாள். "இனிமே நீங்க மலைக்கு வாங்க."